பேயாண்டி மாமா கொடுத்த ஒன்பது முட்டைகள்

அடைக்கோழி சாப்பிடவில்லை. நேற்றுக் காலையிலிருந்து ஒரு குருணை கூட அதன் வாய்க்குள் போகவில்லை. அருண்பாண்டி கிண்ணத்தை அதன் மூக்குக்கு நேராக நீட்டினான். கோழி உடம்பை உப்பலாக்கி, ஒற்றைக் கண்ணால் அவனை முறைத்து, "கொர்ர்ர்" என்றது.

"நல்லதுக்குத்தான சொல்றேன்" என்றான் அவன்.

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அருண்பாண்டியின் தொழில். மதுரையில் எந்த மாடியில் எந்த லிப்ட் நின்றாலும் அரை மணி நேரத்தில் ஆளை இறக்கிவிடுவான். கூடைக்குள் இருக்கும் கோழியை இறக்குவது எப்படி என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

மனைவி தமிழ்வாணி கிராமச் செவிலியர். ஒரு மாதப் பயிற்சிக்காக முந்தைய நாள்தான் சென்னைக்கு ரயில் ஏறியிருந்தாள். கிளம்புவதற்கு முன் கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, ஒன்பது முட்டைகளை அடுக்கிக் கோழியை உட்கார வைத்தாள்.

"இது சாதா முட்டை இல்லைங்க. எங்கப்பா சேவலோட வாரிசு. பத்திரம்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுடைய அப்பா பேயாண்டிக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அவர் வளர்த்த வல்லூறு நிறச் சேவலைப் பற்றி அவர் பேசாத கல்யாண வீடும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது. மகள் மூன்று வருடமாகக் கெஞ்சியும் முட்டை தராதவர், இந்த முறை தானே ஒரு தூக்குவாளியில் தவிடு கொட்டி, அதற்குள் ஒன்பது முட்டைகளைப் புதைத்து, கீழக்குயில்குடியில் இருக்கும் மகள் வீடு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

அப்படிப்பட்ட முட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும் கோழி பட்டினியாகச் செத்துவிட்டால் என்ன ஆவது? அருண்பாண்டி இரண்டு கைகளையும் விட்டுக் கோழியைத் தூக்கினான். கோழி அவன் மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தியது. அவன் "ஆத்தாடி" என்று கையை விட்டான். கோழி நேராகக் கூடைக்குள் விழுந்தது. இரண்டு முட்டைகள் உடைந்தன.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். அவள் வீட்டில் எப்போதும் பத்துப் பதினைந்து கோழிகள் மேயும்.

"என்னப்பா தம்பி?"

"ரெண்டு முட்டை உடைஞ்சிருச்சுக்கா."

"மத்த முட்டையில ஒட்டியிருந்தா எறும்பு ஏறிரும்ப்பா. சுத்தம் பண்ணி வையி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

துணியால் துடைக்க வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. அருண்பாண்டி யோசித்தான். கழுவினால்தான் சுத்தம். ஆனால் பச்சைத்தண்ணீர் பட்டால் முட்டை குளிர்ந்துவிடும். அடை முட்டைக்குச் சூடுதானே முக்கியம்? அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாத்திரத்தில் ஊற்றி, மிச்சம் ஏழு முட்டைகளையும் அதில் போட்டான். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான். ஏதோ ஒரு அபார்ட்மெண்டில் மாமியாரும் மருமகளும் ஒரே லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார்களாம். வாட்ச்மேனுக்கு எந்த சுவிட்ச், எந்தச் சாவி என்று போனிலேயே சொல்லி அவர்களை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது செல்லக்கிளி பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு முட்டை உடைந்திருந்தது. வெள்ளைக்கரு கெட்டியாக இருந்தது.

"அவிச்சுட்டியேப்பா" என்றாள்.

"கழுவத்தான்க்கா செஞ்சேன்."

"முழுசா வெந்திருந்தாலாச்சும் கொழம்பு வச்சிருக்கலாம். இது ரெண்டுங்கெட்டானா இருக்கு."

கோழியைத் தேடினார்கள். அது அருண்பாண்டியின் டூல்ஸ் பை மேல் ஏறி, ஸ்பேனர்களையும் ஸ்குரூ டிரைவர்களையும் வயிற்றுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அடை உட்கார்ந்திருந்தது.

அப்போது மறுபடியும் போன் அடித்தது. மாமனார்.

"மாப்ள, முட்டையெல்லாம் எப்பிடி இருக்கு?"

"நல்லா சூடா இருக்கு மாமா."

"சரி சரி. ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. பொரிக்கலேன்னாலும் வெசனப்படாதீங்க. டவுன் பக்கத்துத் தண்ணிக்கும் காத்துக்கும் அந்த வாரிசு சேராது. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

அருண்பாண்டிக்குச் சுருக்கென்றது. இவனால் ஆகாது என்று மாமனார் முடிவே செய்துவிட்டாரா?

"பொரிக்கும் மாமா. ஒம்போதும் பொரிக்கும்."



"ஒம்போதுமா?" என்றார் பேயாண்டி. போன் கட்டாகிவிட்டது.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். செல்லக்கிளி தன் வீட்டிலிருந்து ஆறு முட்டைகள் கொண்டுவந்தாள்.

"என் சேவலு மொட்டைக்கழுத்து. பரவாயில்லையா?"

"கழுத்தாக்கா இப்ப முக்கியம்?"

இன்னும் மூன்று வேண்டும். அடுத்த தெருக் கண்ணுச்சாமியிடம் இருந்தது. பத்து நாள் அடை இருந்த அவருடைய கோழியை அன்று விடியற்காலை கீரி கொண்டுபோய்விட்டதாம். முட்டை இன்னும் சூடாக இருக்கிறது, உடனே வைத்தால் பிழைக்கும் என்று சொல்லிக் கொடுத்தார். அருண்பாண்டி எத்தனை என்று கேட்டான். என்ன முட்டை என்று கேட்கவில்லை. ஸ்பேனர்களை உருவிவிட்டு, ஒன்பது முட்டைகளையும் கூடையில் வைத்து, கோழியைச் செல்லக்கிளி கையாலேயே உட்கார வைத்தார்கள்.

மறுநாள் தமிழ்வாணி வீடியோ காலில் வந்தாள்.

"ஏங்க, மூணு முட்டை பெருசாத் தெரியுது?"

"கேமரா கிட்டக்க இருக்கு."

"தள்ளி வைங்க."

தள்ளி வைத்தான். அப்போதும் மூன்று பெரிதாகவே தெரிந்தன. "சிக்னல் சரியில்ல" என்று சொல்லிக் கட் பண்ணினான். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் கோழி முட்டை மேல் இருப்பதாகவும் எழுப்பக் கூடாது என்றும் சொல்லிச் சமாளித்தான். அது பொய்யும் இல்லை.

இருபதாம் நாள் காலை கூடைக்குள் கீச்சுக்கீச்சென்று சத்தம். எட்டிப் பார்த்தவன் சுவரைத் தட்டினான்.

"அக்கா! மூணு பொரிச்சிருச்சு! ஆனா மூக்கு மட்டும் சப்பையா அமுங்கிப் போயிருக்கு. கோழி மிதிச்சிருச்சா?"

செல்லக்கிளி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அது வாத்துப்பா."

அருண்பாண்டி கோழியைப் பார்த்தான். கோழி அவனைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை.

அதோடு முடியவில்லை. குஞ்சு வந்துவிட்டதென்று கோழி எழுந்து மேய்க்கக் கிளம்பிவிட்டது. மிச்சம் ஆறு முட்டைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வாத்துக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, பாத்ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினான். அவை உள்ளே கத்தின. கோழி கதவுக்கு வெளியே நின்று கத்தியது. அவன் கோழியைத் தூக்கிக் கூடையில் வைப்பான். கோழி எழுந்து பாத்ரூமுக்கு ஓடும். மறுபடி தூக்குவான். மணிக்கட்டு முழுக்கக் கொத்து. ஆபீசுக்குப் போன் போட்டு மூன்று நாள் லீவு கேட்டான்.

"என்ன காரணம்?" என்றார் சூப்பர்வைசர்.

"வீட்ல பிரசவம் சார்."

"உங்க வீட்டுக்காரம்மா சென்னையிலன்னு சொன்னீங்களேய்யா?"

"இது அவங்க இல்ல சார்."

சூப்பர்வைசர் மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாள் லீவு கொடுத்துவிட்டு, அவசரமாகப் போனை வைத்தார்.

இருபத்தோராம் நாள் மாமனார் போனில் கேட்டார், "பொரிச்சிருச்சா மாப்ள?"

"இன்னும் இல்ல மாமா."

"அட, விடுங்க விடுங்க!" அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நானும் உங்க அத்தையும் நாளைக்கழிச்சு வாரோம். நேர்ல வந்து ஆறுதல் சொன்னாத்தான மொறை?"

இருபத்து மூன்றாம் நாள் காலை பேயாண்டி வெள்ளை வேட்டியில், முகத்தில் துக்கம் விசாரிக்கும் பாவனையோடு வந்து இறங்கினார். பின்னால் மாமியார் முனீஸ்வரி, பையில் வெள்ளரிக்காயோடு.

"மனசைத் தளர விடாதீங்க மாப்ள. அந்த முட்டை பொரிக்கிறது லேசுப்பட்ட..."

"விடியக்காலைல பொரிச்சிருச்சு மாமா" என்று அருண்பாண்டி கூடையைத் தூக்கிக் காட்டினான்.

கோழியின் இறக்கைக்குள்ளிருந்து நான்கு குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. நான்குக்கும் கழுத்தில் ஒரு முடி இல்லை. பேயாண்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். ஒரு செம்பைக் குடித்து முடித்து இன்னொரு செம்பு கேட்டார்.

"இது... அந்த முட்டையா மாப்ள?"

"அதே முட்டைதான் மாமா." அருண்பாண்டி கூடையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "கழுத்துதான் கொஞ்சம்... உங்க சேவலுக்கும் சின்னதுல இப்பிடித்தான் இருந்துச்சோ?"

பேயாண்டி குஞ்சுகளை இன்னொரு முறை எண்ணினார். "ஆமா" என்றார் பிறகு. "இருந்துச்சு. பெறகுதான் மொளைச்சுச்சு."

இவ்வளவு பெரிய பொய்யை மாமனார் ஏன் இவ்வளவு லேசாக நம்புகிறார்? அதற்குள் முனீஸ்வரி கால் கழுவப் பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டாள். மூன்று வாத்துக்குஞ்சுகளும் வரிசையாக வெளியே வந்து, மாமனாரின் காலைச் சுற்றிப் போய், துணி அலசும் தொட்டித் தண்ணீருக்குள் பொத்துப் பொத்தென்று குதித்தன. கோழி தொட்டியைச் சுற்றி அலறிக்கொண்டு ஓடியது.

"நீச்சல் அடிக்குது மாப்ள" என்றார் பேயாண்டி மெல்ல.

"கம்மாய் பக்கத்துல இருக்குல்ல மாமா. அந்தக் காத்து."

"இருக்கும்" என்றார் அவர். "இருக்கும், இருக்கும்." துண்டால் முகத்தைத் துடைத்தபடி எழுந்து, தெருவில் நின்ற வேப்பமரத்தடிக்குப் போய், ஊரை ஒட்டி நிற்கும் சாமிமலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

இனி மறைத்துப் பயனில்லை, அத்தையிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அருண்பாண்டி திரும்பினான். முனீஸ்வரி அவனை முந்திக்கொண்டு வந்து, வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தாள்.

"அந்தச் சேவலு போன ஐப்பசியிலயே செத்துப்போச்சு மாப்ள. மககிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, கடையில வாங்குன பண்ணை முட்டையை நாட்டு முட்டை நெறம் வர டீத்தண்ணியில ஊறப்போட்டுத்தான் இவரு உங்ககிட்டக் குடுத்தாரு. அதுல எப்பிடி மாப்ள குஞ்சு பொரிக்க வச்சீங்க?"