கப்பல் சமையல்காரரின் பத்து நிமிடம்

“ஏழாவது பாடம் எங்க சார்?” என்று தலைமையாசிரியை கேட்டதும் புவியியல் வாத்தியார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏதோ அங்கேதான் வைத்திருந்த மாதிரி.

“அஞ்சுல இருக்கேன் மேடம்.”

“பக்கத்து செக்‌ஷன் டீச்சர் ஏழையும் முடிச்சுட்டு ரிவிஷனுக்கே போயிட்டாங்க. நீங்க என்னடான்னா கிளாஸ்ல கப்பல் ஓட்டிக்கிட்டு இருக்கீங்களாம். மாசக் கடைசிக்குள்ள ஏழு முடியணும். இல்லேன்னா பத்தாவது ‘சி’யை அவங்ககிட்ட குடுத்துடுவேன். நீங்க லைப்ரரியைப் பாத்துக்கங்க.”

அந்த நூலகத்துக்கு வருகிறவர்கள் தூங்குவதற்கு மட்டுமே வருவார்கள். சுவரில் ‘பேசக் கூடாது’ என்று வேறு எழுதியிருக்கிறது.

பேசக் கூடாது என்றால் அவர் எங்கே போவார்? வீட்டில் இரண்டு அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்வாள். “சாப்ட்டியாண்ணா?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் “சரி, வெச்சுடறேன்” என்பாள். அவர் வாய்க்கு வேலை கிடைப்பதெல்லாம் மாலை நாலு மணிக்கு, மைதானத்துக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கும் பழைய கட்டடத்தில், பத்தாவது ‘சி’யின் கடைசி பீரியடில்தான்.

கப்பல் ஓட்டியதும் உண்மைதான். இளவயதில் இரண்டு வருடம் சரக்குக் கப்பலில் குமாஸ்தாவாக இருந்தவர். கரும்பலகை நிறைந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அந்தக் கப்பல் சமையல்காரரின் கதையை ஆரம்பித்துவிடுவார். உப்பு விஷயத்தில் கேப்டனோடு சண்டை போட்டு, ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு தனிப் படகில் இறங்கிப்போன மனிதர் அவர். தினம் ஒரு துண்டு கதை. வாத்தியார் அன்றைய துண்டை முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும். கையில் கடிகாரம்கூடக் கட்டாமல் இத்தனை துல்லியமா என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்வார்.

கதையை யாரும் கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். முப்பத்தெட்டு தலைகளும் குனிந்திருக்கும், பை மூடும் சத்தம் கேட்கும். இருந்தாலும் வீட்டுச் சுவருக்குச் சொல்வதற்கு இது தேவலை.

அன்றோடு கதையை நிறுத்தினார். படகில் ஓட்டை விழுந்து, பூனை முதலில் கவனித்த இடம் அது. போகட்டும், பத்து நிமிடம் மிச்சம்.

ஆனால் மிச்சமாகவில்லை. கரும்பலகை நிறைந்தது, அழித்தார், சாக்பீஸை எடுத்தார், டாண் என்று மணி அடித்துவிட்டது. மறுநாளும் அதே கதி. ஒரு வாரம் ஆயிற்று. பாடம் ஐந்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

‘அட்டெண்டன்ஸ்தான் நேரத்தைத் தின்கிறது’ என்று முடிவு கட்டினார். பெயர் கூப்பிடுவதை விட்டுவிட்டு ஒரு தாளைச் சுற்றவிட்டார். முப்பத்தெட்டு பேர் உள்ள வகுப்பில் நாற்பத்தொரு கையெழுத்து வந்தது. அதில் ஒன்று தலைமையாசிரியையுடையது.

“யாருடா இது?”

“மேடமே வந்திருப்பாங்க சார்” என்றது கடைசி பெஞ்சு.

விசாரணை முடிவதற்குள் மணி அடித்தது.

அடுத்தது கேள்விகள். இனிமேல் யாரும் குறுக்கே கேட்கக் கூடாது, எல்லாவற்றையும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், வெள்ளிக்கிழமை மொத்தமாகப் பதில். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தார். முப்பது சீட்டு இருந்தது. இருபத்தொன்பதில் ‘மணி எப்ப சார் அடிக்கும்?’ என்று எழுதியிருந்தது. மிச்சம் ஒன்றில், ‘முன்னெல்லாம் தினமும் பஸ்ஸை விட்டுடுவேன். இப்ப கிடைக்குது. ரொம்ப நன்றி சார்.’

பஸ்ஸுக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமல் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையல்காரர் என்ன ஆனார் என்று ஒரு ஜீவன், ஒரே ஒரு ஜீவன், கேட்டிருக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அடுப்பே பற்றவைக்கவில்லை.

பிறகுதான் அவருக்கு மணி மேலேயே சந்தேகம் வந்தது. பழைய கட்டடத்துக்கு மின்சார மணி கிடையாது. தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று அதைச் சுத்தியலால் அடிப்பவர் ஆயாம்மா. வாய் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வீட்டு அலாரக் கடிகாரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நாலு மணிக்குத் தொடங்கிய பீரியடுக்கு நாலே முக்காலுக்கு அடித்தது மணி. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. செவ்வாய், புதன் எல்லாம் அப்படியே. ஆக, மணி சரி. ஆள்தான் சரியில்லை. இத்தனை வருடம் வாத்தியாராக இருந்து, ஒரு பீரியடை எங்கே தொலைக்கிறோம் என்றுகூடத் தெரியவில்லையே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

மாசக் கடைசி நாள் வந்தது. ஆறாவது பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு ஏழையும் தொட்டுவிடுவது என்று வாத்தியார் கங்கணம் கட்டிக்கொண்டு வந்தார். மூச்சு விடாமல் பாடம் ஓடியது. அன்றைக்கென்று தலைமையாசிரியையும் மைதானத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

நாலரைக்கு மேஜைமேல் இருந்த கடிகாரம் வீறிட்டது.

வாத்தியார் தினமும் விடிகாலை நாலரைக்கு எழுகிறவர். எழுந்து என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. அந்தக் கடிகாரத்துக்குக் காலை, மாலை வித்தியாசம் தெரியாது. இத்தனை நாளும் அலாரத்தை அமுக்கி வைத்துவிட்டுத்தான் எடுத்து வருவார். இன்று அவசரத்தில் மறந்துவிட்டார்.

“உட்காருங்கடா! மணி இல்லடா இது!” என்று அவர் கத்துவதற்குள் முப்பத்தெட்டு பேரும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு, தலைமையாசிரியையின் இரண்டு பக்கமுமாகப் பாய்ந்து போய்விட்டார்கள்.

தலைமையாசிரியை காலி பெஞ்சுகளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அது இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

“திங்கக்கிழமை லைப்ரரி சாவியை வாங்கிக்கங்க சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வாத்தியார் கடிகாரத்தின் தலையில் ஒன்று வைத்தார். அடங்கியது. அழுகை வரும்போல இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லையே என்று கொஞ்சம் அழவும் செய்தார்.

“சார்...”

ஜன்னலுக்கு வெளியே ஆயாம்மா, கையில் சுத்தியலோடு நின்றிருந்தார்.

அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னம்மா?” என்றார் வாத்தியார்.

“தப்பா நினைக்காதீங்க. அந்தச் சமையல்காரர் கரை சேந்தாரா, இல்லையா? பூனையாவது பொழைச்சுதா?”

வாத்தியார் ஜன்னலருகே வந்தார். “அது... உனக்கு எப்படித் தெரியும்?”

“இந்த ஜன்னல் ஓரமாத்தானே சார் நிப்பேன்! நாலு வாரமா மனசே ஆறல.”

“கதையை நிறுத்திட்டேம்மா. நேரம் பத்தல.”

“என்ன சார் இப்படிச் சொல்றீங்க?” என்றார் ஆயாம்மா, சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு. “நீங்க கதை சொன்ன நாள்ல, அது முடியாம நான் என்னைக்காவது மணி அடிச்சிருக்கேனா?”