தாய்மாமனுக்கு முன்னால் பிரசல்சுக்குச் சொன்ன விஷயம்

அலுவிகாரை, மாத்தளை.
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகன் விஜேந்திரனுக்கு, உன் தாய்மாமன் சிவசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா கிருஷ்ணம்மாவும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை மக்கீனுடைய போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நீ எனக்குச் செய்தது அநியாயம். லூக்காஸ் என்ற பெல்ஜியப் பையனோடு நீ குடித்தனம் நடத்துவதை முதலில் பிரசல்ஸ் நகரத்துக்குச் சொன்னாய், பிறகு பத்திரிகைக்காரனுக்குச் சொன்னாய், அவன் உலகத்துக்குச் சொன்னான். தாய்மாமனுக்கு மட்டும் சொல்லவில்லை. காது குத்தும்போது நீ யார் மடியில் உட்கார்ந்தாய்? ஊசியைப் பார்த்ததும் யார் வேட்டியை நனைத்தாய்? அந்த வேட்டிக்கு இருக்கிற உரிமைகூடப் பிரசல்சுக்குக் கிடையாது.

நடந்ததைக் கேள். திங்கட்கிழமை ஒரு பூட்டு வாங்க மக்கீனுடைய இரும்புக் கடைக்குப் போனேன். அவர் எனக்கு வழக்கமான அந்தக் கேவலமான தேநீரைக் கொடுத்துவிட்டு, "சிவசாமியண்ணே, ஒங்கட மருமகன் பெரிய ஆளாப் போயிட்டாரே" என்று போனை நீட்டினார். ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் உன்னைப் போன்றவர்களுக்கு ஆயுள் தண்டனை, தூக்கு என்று சட்டம் போட்டிருக்கிறார்களாம். பிரசல்சில் இருக்கிற அந்த நாட்டுத் தூதரகத்துக்கு முன்னால் பல தேசத்துச் சனங்கள் மழையில் நின்று சத்தம் போடுகிறார்கள். நடுவில் நீ, கம்பளிச் சட்டைகூட இல்லாமல். கையில் "இலங்கை, 1883, பத்து வருடம்" என்று ஒரு பலகை. உன் தலைக்குமேல் குடை பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரன், மற்றக் கை உன் தோளில். கீழே இரண்டு பேர் பெயரும், ஒன்றாக வாழ்கிறார்கள் என்ற செய்தியும்.

நான் மக்கீனைப் பார்த்தேன். மக்கீன் பூட்டைப் பார்த்தார்.

"எங்கட மார்க்கத்துல இது கூடாதுதான் அண்ணே. அது எனக்கும் அல்லாவுக்கும் உள்ள பேச்சு. ஆனா பத்து வருஷம் மறியல்ல பூட்டி வைக்கிற அளவுக்குப் புள்ள என்னத்தச் செஞ்சான்? லீவு நாள்ல என் கடைல பெயின்ட் டின் அடுக்கினவன். ஒரு டின்னையும் நசுக்கினதில்ல."

பூட்டை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை, கிருஷ்ணம்மாவுக்கு இது தெரியக் கூடாது, தெரிந்தால் தாங்க மாட்டாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய போனை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். அன்றைக்கென்று பார்த்து அவள் இடியப்பத்துக்குப் பதில் சோறு ஆக்க வந்து டின்னைத் திறக்க, நான் "அரிசியில வண்டு இருக்கு, நானே எடுத்துத் தாறேன்" என்று குறுக்கே விழ, உள்ளே இருந்து போன் அடித்தது. அவசரத்தில் தோண்டி எடுத்து நிறுத்தப் போய் எதையோ அமுக்கிவிட்டேன். திரையில் அந்தக் குடைக்காரன். என் முகத்தைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம் மாமா" என்றான்.

உன் அம்மா கையை நீட்டினாள். "குடுங்கண்ணே, எனக்குத்தான். பருப்புக்கு எப்பத் தாளிக்கிறதுன்னு கேக்கும் அந்தப் புள்ள."

தாளிப்பு முடியும்வரை நான் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு விசாரித்தால், அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியுமாம். உன் தங்கை சுரேகாவுக்கு அதற்கும் முன்பே தெரியுமாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒங்களுக்குச் சொன்னா யாருக்காவது பெட்டிசன் எழுதுவீங்கன்னு பயந்தோம்."

இது என்ன பேச்சு? அகராதியை வைத்துக்கொண்டு நானே ஆங்கிலம் படித்தேன். தெருவிளக்குக்கு எழுதினேன், விளக்கு வந்தது. மழைத் தண்ணீர் ஓடக் கானுக்கு எழுதினேன், கான் வெட்டினார்கள். இவற்றுக்கெல்லாம் நான் எழுதியது நல்லது, உன் விஷயத்தில் மட்டும் என் பேனா ஆபத்தா?

இன்னொரு அநியாயமும் உண்டு. ஊரெல்லாம் என்னிடம் வந்து ஜாதகப் பொருத்தம் பார்த்துப் போக, சொந்த மருமகனுக்காக நான் ஏழு வருடம் ஜாதகக் கட்டோடு அலைந்தேன். நாலந்தாப் பெண் உயரம் என்றாய். உக்குவளைப் பெண் சத்தமாகச் சிரிக்கிறாள் என்றாய். ஜாதகம் பார்ப்பதுதான் உனக்குப் பிடிக்கவில்லையோ என்று, ஜாதகமே பார்க்காத, சேர்ச்சுக்குப் போகிற வஹகோட்டை வேதக்காரர் வீடுவரைக்கும் போய்ப் பேசினேன். அந்தப் பெண்ணின் அப்பா எனக்குக் கேக் கொடுத்தார். அவருக்கு நான் இப்போது என்ன பதில் சொல்வது?

அதுவும் போகட்டும். ஆறு வருடமாக நீ ஏன் ஊருக்கு வரவில்லை என்று உன் அம்மாவைக் கேட்டேன். வேலை, லீவு இல்லை என்று எனக்குச் சொல்லியிருந்தீர்களே, அது பொய்யாம். இந்த நாட்டிலும் உன்னைப் போன்றவர்களை மறியலில் போட ஒரு சட்டம் உண்டாம், அது இருக்கும்வரை இந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன், வந்தால் லூக்காசோடு தலை நிமிர்ந்து வருவேன் என்று சொல்லியிருக்கிறாயாம்.

நூலகத்துக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வாசித்தேன். உன் பலகையில் எழுதியிருந்தது சரி. 1883. வெள்ளைக்காரன் போட்டது. அதை நீக்கச் சட்டமூலம் ஒன்று வந்ததாம், நீதிமன்றமும் தடையில்லை என்றதாம், பிறகு அந்தப் பாராளுமன்றமே கலைந்து அதுவும் போய்விட்டதாம். இப்போது அந்த வெள்ளைக்கார நாடுகளே தூதர்களை வைத்து அதை நீக்கச் சொல்லி அறிக்கை விடுகின்றன. வாடகைக்கு இருந்தவன் உடைந்த அலுமாரியை விட்டுவிட்டுப் போய், பேரன் காலத்தில் திரும்பி வந்து, "இதை ஏன் இன்னும் வீட்டில் வைத்திருக்கிறீர்கள்?" என்று மூக்கைப் பொத்துவது போல இருக்கிறது. ஆபிரிக்காக்காரர்கள் அதே அலுமாரிக்குப் புது வார்னிஷ் அடித்து, இது எங்கள் பாட்டன் சொத்து என்கிறார்கள். நாமும் சாவியைத் தொலைத்துவிட்டு அதற்குக் காவல் இருக்கிறோம்.

அதனால் நேரே பொலிசுக்குப் போனேன். அங்கிருந்த சார்ஜன்ட் மரியாதையான ஆள். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"யாருக்கு எதிரா முறைப்பாடு, ஐயா?"

"ஒரு சட்டத்துக்கு எதிரா."

"சட்டத்துக்கு எதிரா நடக்கிறவனத்தான் நாங்க பிடிப்போம். சட்டத்த எப்பிடிப் பிடிக்கிறது?"

"போட்டவங்களப் பிடிங்க. விக்டோரியா மகாராணி."

அவர் எழுதப் போய் நிறுத்தினார். "விலாசம்?"

நான் விடவில்லை. "என் மருமகன் கட்டுநாயக்கா ஏர்போட்டுல வந்து எறங்கினா பிடிப்பீங்களா?"

"என்ன செஞ்சாரு?"

"ஒரு குடைக்குக் கீழ நின்னாரு."

அவருக்கு விளங்கிவிட்டது. பேனாவை மூடி வைத்தார். "மழைக்கு நிக்கிறவங்கள நாங்க போய்த் தேட மாட்டோம், பெரியவரே. ஆனா யாராவது எழுதிக் குடுத்தா நாங்க எடுக்கணும். அதான் சட்டம்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது யோசித்துப் பார்த்தேன். நம் தெருவில் எழுதிக் கொடுக்கிறவன் நான் ஒருவன்தான். அந்தப் பக்கத்தால் உனக்குப் பயமில்லை.

ஆனால் என் நிலையையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனை தூதர்கள் அறிக்கை விட்டாலும் என் முடிவு மாறாது. பிடிக்காததற்கெல்லாம் பத்து வருடம் மறியல் என்றால், மக்கீனுடைய தேநீருக்கு ஆயுள் தண்டனை கொடுக்க வேண்டிவரும். அதனால் சட்டம் போக வேண்டும், நானும் மாற மாட்டேன். இரண்டும் ஒன்றாக இருக்கலாம்.

உன் பிடிவாதத்துக்கு வருகிறேன். செத்துப்போன ஒரு ராணியோடு உனக்குச் சண்டை. அதற்கு உயிரோடு இருக்கிற அம்மாவையா தண்டிப்பது? போன மாசித் தேருக்கு டவுனுக்குப் போனோம். தேர் நின்றதும் அர்ச்சனைத் தட்டை நீட்டி, "விஜேந்திரன், பூச நட்சத்திரம்" என்றாள். ஐயர் அடுத்த தட்டுக்குத் திரும்பிவிட்டார். அவளோ, "இன்னொரு பேரு இருக்கு சாமி" என்று அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள். மேளச் சத்தத்தில் அந்தப் பெயர் என் காதில் விழவில்லை. நீ அங்கே பலகை பிடிக்கிறாய், அவள் இங்கே தட்டுப் பிடிக்கிறாள். உன் பலகையை ஊரெல்லாம் படம் எடுக்கிறது. அவளுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது, வெட்டச் சொன்னால் "விஜி வந்த பொறகு பாப்போம்" என்கிறாள். நீ சட்டத்துக்குக் காத்திருக்கிறாய், அவள் உனக்குக் காத்திருக்கிறாள், நான் நடுவில் தேங்காய் துருவுகிறேன்.

ஆகவே என் முடிவு: மாசித் தேருக்கு நீ வர வேண்டும். தனியாக வர வேண்டும். அந்தப் பையனை அழைத்து வரக் கூடாது. தாய்மாமன் உயிரோடு இருக்கும்வரை இதில் மாற்றமில்லை.

தேரில் வருகிற அம்மன் உன் தலைக்குமேல் மழை விழாமல் பார்த்துக்கொள்ளட்டும். உன் அம்மாவின் ஆசீர்வாதத்தை அவள் தனியாகச் சொல்லுவாள், எனக்குச் சொல்லாமல்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
சிவசாமி.

பி.கு.: உறை ஒட்டப் போகும்போது உன் அம்மா வந்து கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடிந்து, "ஏன்ணே, போன வருஷம் பெல்ஜியத்துல பொறந்ததுன்னு ஒரு தேதியும் நேரமும் குடுத்து, நம்ம விஜிக்குப் பொருத்தம் பாக்கச் சொன்னேனே, மறந்துட்டீங்களா?" என்றாள். மறக்கவில்லை. அங்கே குடியேறிய யாரோ நம்மவர் பெண் என்று நினைத்தேன். அந்த ஊரில் பிறந்த நேரத்தைச் சான்றிதழிலேயே எழுதுவார்களாம், சுத்தமான கணக்கு, அஸ்த நட்சத்திரம். கணம் ஒன்று, வேதை இல்லை, ரஜ்ஜு பிரமாதம். "இப்படி ஒரு இடம் இனி வராது, விட்டுடாதீங்க" என்று சொன்னது நான்தான். அந்தத் தேதி லூக்காசுடையதாம், தேரடியில் அவள் சொன்ன இன்னொரு பெயரும் அவனுடையதுதானாம்.

நான் ஒரு பொருத்தத்தைச் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு பிழை என்று சொன்னதில்லை. இந்த வயதில் புதிதாக ஆரம்பிக்கவும் மாட்டேன். இருந்தாலும் மறுபடி பார்த்தேன். பெண் நட்சத்திரத்திலிருந்து எண்ண வேண்டும் என்பது விதி. இங்கே யாரிலிருந்து எண்ணுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் எண்ணினேன். அவனிலிருந்து எண்ணினால் ஸ்திரீ தீர்க்கம் இருக்கிறது, தினம் இல்லை. உன்னிலிருந்து எண்ணினால் தினம் இருக்கிறது, ஸ்திரீ தீர்க்கம் இல்லை. ஸ்திரீயே இல்லாத இடத்தில் அது எதற்கு என்று அடித்துவிட்டேன். எல்லாவற்றிலும் முக்கியமான ரஜ்ஜு இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஆகவே மேலே எழுதிய முடிவைப் படிக்காதே, இதைப் படி. பாராளுமன்றம் அந்த அலுமாரியைத் தூக்கி வெளியே போட வேண்டும். எப்படி என்று இன்றைக்கே அவர்களுக்குப் பெட்டிசன் எழுதுகிறேன். தூதர்மார் அறிக்கையோடு நிற்காமல், தங்கள் பாட்டனார் வைத்துவிட்டுப் போனது என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். சார்ஜன்ட் பேனாவை மூடியபடியே வைத்திருக்க வேண்டும். மக்கீன் தேநீரை மாற்ற வேண்டும், ஏனென்றால் அந்தப் பையன் அவர் கடைக்கும் வருவான். வஹகோட்டைக்குப் போய்க் கேக் கொடுத்தவரிடம் நீயே மன்னிப்புக் கேட்க வேண்டும். கிருஷ்ணம்மா தேருக்கு முன் கண் புரையை வெட்டிக்கொள்ள வேண்டும், வருகிறவர்களைச் சரியாகப் பார்ப்பதற்கு. சட்டம் போகும்வரை நீ காத்திருக்கக் கூடாது. ஆறு வருடம் போதும், வா. லூக்காஸ் தன் தாய்மாமனையும் கையோடு அழைத்து வர வேண்டும், அவன் பக்கத்து மாலையைப் போட ஆள் வேண்டுமே. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பரவாயில்லை. குடையை அவன் பிடிக்கட்டும், இரண்டு மாலையையும் நான் கொண்டு வருகிறேன்.