மாமா உட்கார்ந்தால் நிற்கும் வண்டி

திருடனை நினைத்து நாம் செய்கிற ஏற்பாடுகளால் எந்தத் திருடனும் கஷ்டப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பூட்டின் சாவியைத் தொலைப்பவன் வீட்டுக்காரன். மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லில் கையைக் கிழித்துக்கொள்பவனும் வீட்டுக்காரன்தான். திருடன் வேறு தெருவில் நிம்மதியாகத் திருடிக்கொண்டிருப்பான். இந்த உண்மையை நான் எண்பதுகளின் நடுவில், பொம்மிடியில், எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டு வாசலில், தெரு முழுக்கக் கேட்கும்படி கற்றுக்கொண்டேன்.

அப்போது இண்டூரில் வீடு, தருமபுரியில் குமாஸ்தா வேலை. தபால் வழியாக ரேடியோ ரிப்பேர் படிப்பு ஒன்றைப் பாதிவரை படித்திருந்தேன். (கழற்றியதைத் திரும்ப மாட்டுவது எப்படி என்ற பாடம் மீதிப் பாதியில் இருந்திருக்க வேண்டும்.) அந்தப் பாதிப் படிப்பை நம்பிய ஒரே ஜீவன் என் தாய்மாமன்.

மாமாவின் பிளசர் கார் என்னைவிட மூத்தது. அதைத் திருட நினைப்பவன் தள்ளுவதற்கும் ஆள் கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஆனாலும் யாருடைய ஜீப்போ காணாமல் போன செய்தி காதில் விழுந்ததிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. நான் ஆறுதலாக ஒரு சாதனம் செய்து மாட்டினேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ரகசிய சுவிட்ச், சணல் போட்டுக் கட்டியது. ஒரு பக்கம் தட்டினால் வண்டி சாதாரணமாக ஓடும். மறுபக்கம் தட்டினால் எஞ்சினுக்குப் போகும் கரண்ட் நின்றுவிடும், சாவியைத் திருகினால் ஹாரன் அலறும். ஹாரன் ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றியது. சாவியைப் பிடுங்கினாலும் அடங்காது. பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைக் கழற்றினால்தான் அடங்கும். இந்தக் கடைசி அம்சம் முழுக்க முழுக்க என் சொந்த மூளை.

பெண் பார்க்கப் போன அன்று மாமா ஓட்டினார். (எனக்கு ஓட்டத் தெரியாது. ஓடாமல் இருக்கச் செய்யத்தான் தெரியும்.) பின்சீட்டிலிருந்து அம்மா வழியெல்லாம் பாடம் நடத்தினாள்.

“காபி குடிக்கலாம், பலகாரம் திங்கலாம். சோத்துல மட்டும் கை வெச்சிராதீங்க. புதங்கெழம ஏரியூர்ப் பொண்ணப் பாக்க வர்றதா சொல்லியிருக்கறோம்.”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் பார்க்கப் போன வீட்டில் சாப்பாட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். தாய்மாமனே நனைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. ஏரியூர்ப் பெண்ணுக்கு மாந்தோப்பும் கிணறும் இருந்தன. அம்மா அந்தக் கிணற்றை மனதுக்குள் ஏற்கெனவே தூர்வாரி முடித்திருந்தாள்.

பொம்மிடி லெவல் கிராசிங்கில் வண்டி ஒரு குதி குதித்து, பெண் வீட்டு வாசலில் போய் நின்றது. பெண்ணின் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். பெண் பெயர் மல்லிகா. காபி கொடுக்க வந்தவள் தலையைக் குனியவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தாள். மற்றவர்கள் பேனா செருகுகிற இடத்தில் நான் டெஸ்டர் செருகியிருந்தேன்.

“இது எதுக்குங்க?”

“சும்மா, ஆபத்துக்கு.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஏரியூர்க் கிணறு என் மனதில் அந்த நிமிடமே வற்றிவிட்டது. ஆனால் அம்மா எழுந்து, “வூட்டுக்குப் போயித் தபால் போடறோமுங்க” என்றாள். எங்கள் ஊரில் அந்தத் தபால் தபால் பெட்டி வரைக்கும் போவதில்லை. மல்லிகா கையைவிட்டுப் போகிறாள் என்று தெரிந்தும் நான் நல்ல பிள்ளையாக எழுந்தேன்.

மாமா வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். எஞ்சின் மூச்சு விடவில்லை. ஹாரன் விட்டது.

எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தெருவே வாசலுக்கு வந்தது. நான் பாய்ந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன்.

“என்னங்க, எழவா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“இல்லீங்க, பொண்ணு பாக்க வந்திருக்கறாங்க” என்றார் பெண்ணின் அப்பா.

“இத்தன சத்தமாவா?”

ஒயரைத் திரும்ப மாட்டினேன். மாமாவை இறங்கச் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்து திருகினேன். எஞ்சின் சமர்த்தாக ஓடியது. ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். மல்லிகா நின்றிருந்தாள். கம்பீரமாக இறங்கினேன். மாமா ஏறினார். எஞ்சின் செத்தது. நிறுத்தித் திரும்பத் திருகினார். ஹாரன்.

இப்படியே பல சுற்று. சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன், சுவிட்ச் ஓடுகிற பக்கம்தான் இருந்தது. ஃபியூசைத் துடைத்தேன், டெர்மினலைச் சுரண்டினேன், டெஸ்டரை வைக்காத இடமில்லை. நான் உட்கார்ந்தால் வண்டி ஓடுகிறது. மாமா உட்கார்ந்தால் அலறுகிறது.

“ஏன்டா மாப்ள, எவ் வண்டிக்கு நானே திருடனா?”

பாதி ரேடியோ படிப்பைத் திரட்டி யோசித்தேன். “உங்க ஒடம்புல எர்த் அதிகமா இருக்குதுங்க மாமா. மோதரத்தக் கழட்டுங்க.”

கழற்றினார். ஹாரன். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். ஹாரன். “வேற உலோகம் ஏதாச்சும்?” என்றேன். மாமா தயங்கி, வண்டிக்குப் பின்னால் போய், இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு, வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். ஹாரன்.

“போதும்டா. இதுக்கு மேல கழட்டுனா போலீசு வந்துரும்.”

உச்சிவெயில் வந்துவிட்டது. மாமாவுக்குச் சுகர் உண்டு. வேளை தப்பினால் கை நடுங்கும். நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன், அம்மா வெளியே நீட்டியிருந்த என் காலுக்குக் குடை பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள். மாமா நிழலுக்கென்று மெல்ல உள்ளே போனதை இருவரும் கவனிக்கவில்லை. நாங்கள் போய்ப் பார்த்தபோது அவர் முன்னால் இலை விரித்திருந்தது. கேழ்வரகுக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. அவர் வலது கை மணிக்கட்டு வரை சம்மதம் தெரிவித்துக்கொண்டிருந்தது.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப ரொம்ப சந்தோசமுங்க” என்று பெண்ணின் அப்பா கைகூப்பினார்.

“அண்ணனுக்கு மயக்கமுங்க. மயக்கத்துல தின்னது கணக்குல வராது.”

“ரெண்டாவது உருண்ட அவரே கேட்டு வாங்குனாருங்களே.”

மாமா நிமிர்ந்தார். இப்போது கை நடுங்கவில்லை. “கோழிக் கொழம்பத் தின்னுப்போட்டு இல்லைங்கற வம்சமா நாம? எழுதி வெச்சுக்கங்க, இந்தப் பொண்ணுதான் எவ் வூட்டு மருமவ.”

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. அப்போதுதான் பெண்ணின் அப்பா, “இருங்க, புள்ளைய ஒரு வார்த்த கேட்டுட்டு வந்தர்றன்” என்று எழுந்தார். காலையிலிருந்து அவள் ஜன்னலில் நின்று பார்த்ததையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். முழங்கை வரை கிரீஸ், முழங்காலில் சாணி, வேட்டியைக் கையில் பிடித்த ஒரு தாய்மாமன். அவள் இடத்தில் நான் இருந்தால் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்க மாட்டேன்.

உள்ளே கிசுகிசுப்பு. பிறகு மல்லிகாவின் குரல், எங்களுக்குக் கேட்கவேண்டும் என்றே கொஞ்சம் உரக்க.

“சம்மதந்தானுங்கப்பா. ஆனா கல்யாணத்துக்கு அப்பறம் வூட்டுல ஒரு ஒயரத் தொடக்கூடாது. அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

நான் தலையாட்டிய வேகத்தில் பையிலிருந்த டெஸ்டர் மாமாவின் இலையில் விழுந்தது. அவர் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது பெண்ணின் அப்பா ஒரு மணைப்பலகையோடு வந்தார். “புள்ள குடுத்தனுப்புச்சுங்க. பெரியவரு ஒக்காரும்போதுதான நிக்குது, அடியில என்னமோ அமுங்குதாம். இதப் போட்டு ஒக்காரச் சொல்லுச்சு.”

மாமா மணையைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். எஞ்சின் ஓடியது. மணைமேல் உட்கார்ந்து, வழுக்கைத் தலை கூரையில் இடிபட இடிபட, ஏதோ தனக்கே கல்யாணம் போல இண்டூர் வரை ஓட்டி வந்தார். வீட்டுக்கு வந்து சீட்டைத் தூக்கிப் பார்த்தோம். லெவல் கிராசிங் குதியில் சணல் அறுந்து, சுவிட்ச் நகர்ந்து, சீட்டு ஸ்பிரிங்கில் மாட்டிக்கொண்டு, சரியாக மாமாவின் எடை முழுதும் இறங்குகிற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அவர் உட்கார்ந்தால் மறுபக்கம் சாயும், எழுந்தால் திரும்பிவிடும். அம்மா அதைப் பிடுங்கிக் கிணற்றில் வீசினாள். எங்கள் கிணற்றில்தான், ஏரியூர்க் கிணறு அதற்குள் கைநழுவிவிட்டதே.

நான் கொடுத்த வாக்கை மீறவில்லை. எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவதும் ஃபியூஸ் போடுவதும் மல்லிகாதான். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் எனக்கு. அதுவும் செருப்புப் போட்டுக்கொண்டு. இப்போதும் தெருவில் கரண்ட் போனால் மற்ற வீட்டுக்காரர்கள் லைன்மேனுக்குப் போன் செய்வார்கள். என் மனைவி, முதலில், நான் எங்கே இருக்கிறேன் என்று பார்ப்பாள்.