தாலரில் ஏறிய தாடி

யோவாக்கிம்ஸ்தால்,
அன்னாள் திருநாளுக்கு முந்தின வாரம்.

என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணன், அன்னாபெர்க் மெழுகுவர்த்திக் கடை ஹீரோனிமஸ் அவர்களுக்கு, விடுதிக்காரத் தம்பி உல்ரிக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் வால்புர்காவும் ஒத்திலியாவும் பன்றிகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சௌக்கியம். என் தாடி மட்டும் இல்லை. மிக்கேல் திருநாளில் ஒத்திலியாவின் கல்யாணத்துக்கு நீங்கள் வந்து இறங்கும்போது, வாசலில் நிற்கும் என்னைப் பார்த்து "யாருப்பா நீ, என் தம்பியக் கூப்பிடு" என்று சம்பந்திகள் முன்னால் கேட்டு வைக்கக் கூடாதே என்றுதான் நடந்ததையெல்லாம் முன்கூட்டியே எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மழை நாளில் யோஸ்ட் என்று ஒரு மீன் வியாபாரி, வடக்கே கடற்கரைப் பக்கத்தவன், உப்பு மீன் பீப்பாய்களோடு என் விடுதியில் வந்து இறங்கினான். முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் வயிறு முட்டத் தின்று, பியரும் குடித்து முடித்து, எங்கள் ஊரில் அடிக்கிற பெரிய வெள்ளிக் காசு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, "இந்தாங்க, ஒரு டாலர்" என்றான். என்னது, டாலரா என்று கேட்டேன். அவன் என்னைப் பாவம்போல் பார்த்தான். "லைப்சிக் சந்தையில தாலர்ம்பாங்க. எங்க பக்கம் டாலர்னுதான் நாக்குல வரும். இதுகூடத் தெரியாமயா விடுதி நடத்துறீங்க?" என்றான். அண்ணா, எனக்கு வந்ததே கோபம். யோவாக்கிம்ஸ்தாலர் என்று வாய் நிறையச் சொல்ல வேண்டிய பெயர். எங்கள் புனிதர் யோவாக்கிமின் பள்ளத்தாக்கில் பிறந்த வெள்ளி என்று அர்த்தம். வாய் வலிக்கிறது என்று சந்தைக்காரர்கள் புனிதரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பள்ளத்தாக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ஊர் ஊராய்த் திரிகிறார்கள். தால் என்றால் பள்ளத்தாக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னால் நம்பவில்லை. அவனைக் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டுபோய், இதோ பார், நீ சொல்கிற சொல் இங்கேதான் குடியிருக்கிறது என்று காட்டினேன். வெளியே என்ன இருக்கிறது, முழங்கால் சேறு, அச்சு முறிந்த வண்டி, பாதிக் கூரை போட்ட வீடுகள், உட்கார்ந்து சறுக்கப் பின்பக்கம் தோல் கட்டிக்கொண்டு வெள்ளிச் சுரங்கத்திலிருந்து ஏறி வருகிற ஆட்கள், நடுத்தெருவில் மகாராணி மாதிரி படுத்திருக்கும் எங்கள் தாய்ப்பன்றி. ரொம்ப நேரம் பார்த்தான். "இந்தப் பள்ளமா?" என்றான். இந்தப் பள்ளம்தான் என்றேன். அவன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

"எங்க ஊர்ல ராஜா பேரு தெரியாத கிழவிகூட டாலர்னா கையை நீட்டுவா. கப்பக்காரன் எந்தத் துறைமுகத்துல இறங்கினாலும் வேற பேச்சு வராது, இந்தச் சொல்லு வரும். இது ஒரு ஊரு, இதுல மனுசங்க இருக்காங்கன்னு நாங்க யாருமே நினைச்சதில்ல" என்று அவன் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நாங்கள் வண்டியில் வந்து இறங்கியபோது இங்கே தேவதாரு மரமும் ஓநாயும்தான். பாதிரியார்கூட வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். நான் இன்றுவரை பிராக் நகரத்தையே பார்த்ததில்லை. என் பள்ளத்தாக்கு கடலைப் பார்த்துவிட்டது, அண்ணா! உங்கள் ஊருக்குப் புனித அன்னாள் பெயர், எங்கள் ஊருக்கு அவளுடைய புருஷன் யோவாக்கிம் பெயர் என்பதால் உங்கள் ஊர்க்காரர்கள் எங்களை வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி பேசுவார்களே, இனிமேல் பேசச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அதோடு அவன் போயிருந்தால் என் தாடி பிழைத்திருக்கும். போகிறவன் அந்த வெள்ளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ஏங்க, இந்தப் புனிதர் அச்சு அசலா உங்கள மாதிரியே இல்ல?" என்றான். விடுதி முழுக்க எழுந்து வந்தது. உங்களுக்குத் தெரியும், அந்தக் காசில் புனிதர் தடியை ஊன்றி முழு உருவமாக நிற்பார், முகம் ஒரு பயறு அளவுதான். ஆனால் அந்தப் பயறுக்குக் கீழே இரண்டாகப் பிளந்த தாடி, அதற்குக் கீழே அங்கியை முட்டிக்கொண்டு ஒரு வயிறு. நானேதான். அச்சு வெட்டியது யார்? ஒத்திலியாவுக்குப் பேசி முடித்திருக்கிறோமே, நாணயச்சாலைக் காஸ்பர், உங்கள் ஊர்ப் பொற்கொல்லரிடம் தொழில் பழகிய பையன், அவன்தான். அச்சு என்பது சம்மட்டி அடி வாங்கி வாங்கிச் சீக்கிரம் மழுங்கிவிடும், புதிது புதிதாகக் கையால் வெட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் புனிதருக்கு ஏதாவது ஒரு முகம் வைத்தாக வேண்டும். மாப்பிள்ளை மாமனாருக்குச் செய்த மரியாதை என்று ஊரே சொன்னது. நான் மறுக்கவில்லை.

மறுக்காமல் இருந்ததோடு நிறுத்தியிருக்கலாம். கோயிலுக்குப் போனால் புனிதர் சிலைக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். விடுதிக்கு வந்தவர்களிடம் உங்கள் பையைத் திறந்து பாருங்கள், உள்ளே நான் இருப்பேன் என்பேன். முதலில் புனிதர் பெயரைக் கழற்றிவிட்டார்களே என்று வருத்தப்பட்டவன், இப்போது புனிதரின் முகத்தையும் நானே கழற்றி மாட்டிக்கொண்டேன். தானாகப் பழுத்ததைத் தடியால் அடித்தது போல ஆயிற்று. பேச்சு நாணயச்சாலை மேற்பார்வையாளர் லாம்பெர்ட்டின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. புனிதரை அவமதித்து, பிரபுவின் காசில் சாராயக்கடைக்காரன் முகத்தை வைத்தவனும் கள்ளக்காசு அடித்தவனும் ஒன்றுதான் என்றார். அதற்குத் தண்டனை, காஸ்பரின் வலது கையை வெட்டுவது.

அன்று ஒத்திலியா அழவில்லை, அதுதான் எனக்குப் பயம். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "அப்பா, உங்க மூஞ்சி ஊர் ஊரா போகணும்னா அவர் கை போகணுமா?" என்று கேட்டாள். அச்சு வெட்டுகிறவனுக்குக் கை போனால் மிச்சம் என்ன இருக்கிறது? நான் எழுந்து நேராக நாவிதர் மத்தேஸிடம் போனேன். இருபத்தைந்து வருஷமாய் வளர்த்த தாடி, உடைந்த கல்யாண ஜாடி மாதிரி கீழே கிடந்தது. வீட்டுக்கு வந்தேன், வால்புர்கா கதவைப் பாதி திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்தத் தாடைய நான் கல்யாணத்துக்கு முன்னாடியே பாத்திருக்கணும்" என்றாள். அப்புறம் வயிறு இருக்கிறதே? ஒத்திலியா குழந்தையாக இருந்தபோது சுற்றிய நீளத் துணியை எடுத்து, அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து என் வயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். மூச்சு விட முடியவில்லை. விசாரணையில் கேட்டதற்கெல்லாம் சுண்டெலிக் குரலில்தான் பதில் வந்தது.

லாம்பெர்ட் ஒரு கையில் காசையும் ஒரு கையில் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். காஸ்பர் ஓரமாய் வெளுத்துப்போய் நின்றான். ஒரு தடியைக் கொடுத்து ஊன்றி நிற்கச் சொன்னார், நின்றேன். என் இடது முழங்கால் சங்கதி உங்களுக்குத் தெரியுமே, வழக்கம்போல் இடப்பக்கம் சாய்ந்தேன். லாம்பெர்ட் காசைப் பார்த்தார். புனிதர் வலப்பக்கம் சாய்ந்திருந்தார். அங்கிருந்த எழுத்தர் ஒருவர் சும்மா இருக்காமல், அச்சை இடம் வலம் மாற்றித்தானே வெட்டுகிறார்கள், இடது வலதாக வந்திருக்கும் என்று கிளப்பிவிட்டார். என் உயிர் துணிக்குள்ளேயே துடித்தது. அப்போது இந்தக் காஸ்பர், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியவன், ரோஷம் வந்து முன்னால் வந்தான்.

"ஐயா, கைய வெட்டணும்னா வெட்டிக்கங்க. இடது வலது தெரியாதவன்னு மட்டும் சொல்லாதீங்க. அச்சுல மாத்தி வெட்டினாத்தான் காசுல நேரா வரும்னு தெரியாமயா இத்தனை நாள் வெட்டுறேன்? காசுல வலப்பக்கம் சாஞ்சிருந்தா அவர் வலப்பக்கம் சாயுறவர்தான்."

லாம்பெர்ட்டும் ஒரு காலத்தில் அச்சு வெட்டியவர். அந்த ரோஷம் அவருக்குப் பிடித்துப்போனது. அப்படியானால் இந்த விடுதிக்காரன் இல்லை என்று என்னை அனுப்பிவிட்டார். ஆனால் காஸ்பரை மட்டும் விரலைக் காட்டி நிறுத்தி, "இது யாரோ ஒருத்தன் முகம்தான், எனக்கு நல்லாத் தெரியுது. என்னிக்காவது அவன் என் கண்ணுல படுவான். அன்னிக்குக் கையோட வா" என்றார். வலப்பக்கம் சாய்கிற விடுதிக்காரன் உலகத்திலேயே கிடையாது என்று எனக்கு நிம்மதி. வெளியே வந்ததும் ஒத்திலியா காஸ்பரின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், வீடு வரும்வரை விடவே இல்லை.

ஆனாலும் அண்ணா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அது நான்தான். பையன் பயத்தில் ஏதோ மாற்றி வெட்டியிருப்பான், ரோஷத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அச்சை உடைத்துவிட்டார்கள், அடித்த காசுகளை யார் திரும்ப அழைக்க முடியும்? அவை போய்விட்டன. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் ஒரு விதவை தன் கைக்குட்டையில் என்னை முடிந்து வைத்திருப்பாள். அவளுக்கு என் பெயர் தெரியாது, என் ஊர்ப் பெயரிலும் பாதிதான் தெரியும், அது ஊர் என்பதும் தெரியாது. ஆனால் பிள்ளைக்கு ரொட்டி வாங்கும்போதெல்லாம் எங்கள் சேற்றுப் பள்ளத்தைத்தான் வாய்விட்டுச் சொல்வாள். இதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது, தனியாக உட்கார்ந்து அழுகிறேன், சந்தோஷமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து எல்லாம் உங்களுக்குத்தான் முதலில் வந்தது. அப்பாவின் கடை உங்களுக்கு, நல்ல குரல் உங்களுக்கு, ஊர் மரியாதை உங்களுக்கு. இது ஒன்று எனக்கு வாய்த்தது. தயவுசெய்து பொறாமைப்படாதீர்கள்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் திரிகள் புகையாமல் எரியட்டும், எங்கள் சுரங்கத்தில் தண்ணீர் ஏறாமல் இருக்கட்டும், இரண்டு ஊரையும் அந்தப் புனிதத் தம்பதிகள் சேர்ந்தே காக்கட்டும்.

என்றும் உங்கள் காலடித் தம்பி,
உல்ரிக்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து அரக்கு வைக்கப் போகும்போது காஸ்பர் வந்தான். நான் எழுதியிருப்பதை ஒத்திலியா அவனுக்குப் படித்துக் காட்டினாள். அவன், "மாமா, அது நீங்க இல்ல. அன்னாபெர்க்ல நான் இருட்டுல உக்காந்து தொழில் பழகுனப்ப, தெனமும் ஒரு மெழுகுவர்த்திய ஜன்னல்ல வச்சிட்டுப் போவார் பெரிய மாமா. காசே வாங்க மாட்டார். புனிதர் முகம் வெட்டணும்னதும் எனக்கு வேற முகமே வரல" என்றான். அப்பா நம் இருவருக்கும் சொத்தாக விட்டுப்போனது ஒரே தாடியும் ஒரே வயிறும்தான். ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்தது முதல் வலப்பக்கம் சாய்கிறவர் நீங்கள். நான் மேலே எழுதிய கண்ணீரையெல்லாம் உங்கள் கணக்கில் மாற்றிக்கொள்ளுங்கள். லாம்பெர்ட் அன்னாள் திருநாளுக்கு உங்கள் ஊருக்குக் கிளம்புகிறார். மெழுகுவர்த்தி உங்கள் கடையில்தான் வாங்குவாராம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டியிருப்பவர் நாவிதர் மத்தேஸ், அவர் தோளில் தொங்குவது என் வயிற்றைக் கட்டிய துணி. உட்காருங்கள், அண்ணா. சாயாமல்.