வேண்டாததை வெட்டிவிடுக

நேற்றுவரை சிறீதரனுக்கு இடது முழங்காலில்தான் அடி. இன்று காலை அவசரத்தில் பண்டேஜை வலது முழங்காலில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான். மற்ற ஐந்து மாணவர்களும் சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் வரிசையாக நின்றார்கள். இவன் மட்டும் சப்பாத்தோடு நின்றான். அப்போதுதான் கால் மாறியது அவனுக்கே தெரிந்தது.

பயிற்சி நிலைய அதிபர் ஹெர் குரோன, பண்டேஜைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓரடி பின்னால் போனார்.

"வலி எப்படி இருக்கிறது?"

"இடம் மாறிவிட்டது."

"அப்படியா? பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் மலையேற்றும் லிப்டின் இயந்திர அறையிலேயே இருங்கள்."

ஊராக இருந்திருந்தால் வாத்தியார் காதைத் திருகியிருப்பார். ஜெர்மன்காரனின் நாகரிகமே தனிதான் என்று சிறீதரன் நினைத்துக்கொண்டான்.

நாகரிகத்தை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? பனிச்சறுக்கு விடுதி நிர்வாகம் படிக்க வந்தவனுக்குப் பனிச்சறுக்குத் தெரியாது. பனியையே அவன் விமானத்தை விட்டு இறங்கிய பிறகுதான் பார்த்தான். எண்பத்து நான்கில் வந்து, டோர்ட்மண்டில் ஓர் உணவகத்தின் நிலவறையில் இரண்டு வருடம் கோப்பை கழுவினான். "எங்கடை ஆக்களுக்கு இதுதான் விதி" என்று பக்கத்துத் தொட்டியில் கழுவியவன் சொன்ன அன்றைக்குத்தான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியாவது மண்ணாவது. இனிக் கோப்பையைத் தொடுவதில்லை என்று அங்கேயே சத்தியம் பண்ணினான்.

தேவாலயப் பாதிரியார்தான் இந்த அவுஸ்பில்டுங்கை, வேலை பழகிக்கொண்டே படிக்கும் படிப்பைப் பற்றிச் சொன்னார். 'இவருடைய கடந்த காலத்தைப் பார்க்காமல் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்' என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார். அன்ராக் என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பியது தம்பித்துரை அண்ணை. யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் பதினெட்டு வருடம் கிளார்க்காக இருந்தவர். அகராதியையும் அடிமட்டத்தையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இருந்த 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு பெட்டிகளில் வேண்டாததைத் தடித்த பேனையால் பெருக்கல் குறி போட்டு வெட்டினார்.

"பனிச்சறுக்குத் தெரியுமோ எண்டு கேட்டிருக்கிறான். தெரியும் எண்டு விட்டிருக்கிறன்."

"அண்ணை, எனக்குத் தெரியாதே!"

"முதல்லை இடம் கிடைக்கட்டும். பிறகு பாப்பம்."

இடம் கிடைத்தது. அதைவிட அதிசயம், செப்டெம்பரில் வகுப்புத் தொடங்கிய முதல்நாள் நடந்தது. ஒவ்வொரு மாணவரும் இரண்டு வாரம் சமையலறையில் வேலை பழக வேண்டும் என்று அதிபர் வாசித்தார். சிறீதரன் எழுந்து மேசையில் ஓங்கிக் குத்தினான்.

"சமையலறைப் பக்கம் நான் வர மாட்டேன்!"

"வேண்டாம், வேண்டாம்! உங்களுக்குச் சமையலறை வேண்டவே வேண்டாம்" என்றார் அதிபர் அவசரமாக. பின்னால் நின்ற சமையற்காரர் ஹைன்ஸ், மலைபோன்ற மனிதர், நெற்றி வியர்வையைத் துடைத்தார். அன்றிலிருந்து அவனுடைய தட்டில் மட்டும் இரண்டு துண்டு இறைச்சி விழுந்தது. நிமிர்ந்து நின்று கேட்டால் எவனும் மதிப்பான் என்று சிறீதரன் டோர்ட்மண்டுக்குப் பெருமையாகக் கடிதம் எழுதினான்.

இப்போது பொய் வெளிப்பட்டால் அந்த மதிப்பும் போய்விடும், இடமும் போய்விடும். மறுபடியும் நிலவறை, மறுபடியும் கோப்பை. தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினான்.

"அண்ணை, பண்டேஜ் கால் மாறிப் போச்சு."

"உனக்கு எந்தக் கால் எண்டும் தெரியாதோ? சரி, காலை விடு. சமயம் எண்டு சொல்லு. அதுக்கு ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். ஏழரைச் சனி நடக்குது, வழுக்கிற சாமானிலை கால் வைக்கப்படாது எண்டு சொல்லு."

செயலாளர் பிராவு ஹொல்ட்ஹவுஸ் சனிபகவானை மிகுந்த மரியாதையோடு குறித்துக்கொண்டார். பிறகு பேனையைத் தூக்கினார்.

"இது எந்தத் தேதிவரை?"

ஏழரை வருடம் என்று சொல்ல வாயெடுத்தான். படிப்போ இரண்டே வருடம். தடுமாறி, "தைப்பொங்கல் வரை" என்றான்.

"அது எப்போது?"

"ஜனவரி பதினாலு."

"ஓ, அடுத்த புதன்கிழமை!" என்று அவர் நாட்காட்டியில் வட்டம் போட்டார்.

மறுபடியும் தொலைபேசிக் கூண்டு.

"அடுத்த கிழமையோ? வேறை நாள் கிடைக்கேல்லையோ உனக்கு?"

"வாய் தவறி வந்திட்டுது அண்ணை. இப்ப என்ன செய்யிறது?"

"எங்கடை நாட்டு முறை வேறை, உங்கடை முறையிலை ஏலாது எண்டு சொல்லு."

இதை அவன் கூடப்படிக்கும் மார்ட்டினிடம் சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது. மார்ட்டினுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திங்கட்கிழமை காலை லிப்ட் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு தாள் தொங்கியது: 'புதன் பத்து மணிக்கு, இலங்கை முறைப் பனிச்சறுக்கு! அனைவரும் வருக!'

அதிபர் கையில் கோப்பியோடு மூச்சிரைக்க ஓடிவந்து, அதை அங்கிருந்த சீட்டு மேசையில் வைத்தார்.

"ஐயோ, இந்தப் பையன்கள்! தயவுசெய்து கோபப்படாதீர்கள். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை."

நல்ல வழி அதோ திறந்து கிடந்தது. ஆம் என்று தலையாட்டியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் சிறீதரனுக்குள் இருந்த பிடிவாதம் சும்மா இருக்குமா? 'செய்ய வேண்டியதில்லை'யாம். இவனால் எங்கே முடியும் என்ற நினைப்புத்தானே?

"புதன் பத்து மணி!" என்று மேசையில் குத்தினான். அதிபரின் கோப்பி கவிழ்ந்தது.

புதன்கிழமை டோர்ட்மண்டிலிருந்து ஒரு வான் வண்டி வந்து நின்றது. தம்பித்துரை அண்ணை, பொங்கல் பானை, பதினொரு பேர். அதில் அகதி மனுப் போட்டிருந்த இரண்டு பேருக்கு மாவட்டத்தைத் தாண்ட அனுமதியே இல்லை. "பனியிலை எங்கடை பொடியன் ஓடுறான், பாக்காமல் இருக்க ஏலுமோ?" என்று போர்வைக்குள் ஒளிந்து வந்திருந்தார்கள். விடுதி விருந்தினர்களும் கூடிவிட்டார்கள்.

சிறீதரன் உச்சிக்குப் போனான். பலகைகளை மார்ட்டின்தான் மாட்டிவிட்டான். கீழே பார்த்தான். திரும்பிப் போக வழி இருந்தது. போகவில்லை. முருகா என்றான், புறப்பட்டான்.

முதல் பத்து மீற்றர் நின்றுகொண்டே போனான். கீழே கைதட்டல். அடுத்த பத்து மீற்றர் குந்திக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இடது பலகை ஒரு பக்கமும் வலது பலகை ஒரு பக்கமும் போக, நடுவில் சிறீதரன் உருண்டு, மல்லாந்து, சுழன்று, வேலியோரத்து வைக்கோல் கட்டுக்குள் தலைகீழாகப் போய்ச் செருகினான்.

தம்பித்துரை அண்ணை சட்டென்று கைகளைத் தூக்கி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கத்தினார்: "இதுதான் எங்கள் நாட்டு முறை!"

மலையே அதிரக் கைதட்டினார்கள். தப்பித்தாயிற்று. ஆனால் வைக்கோலைத் துப்பிக்கொண்டு எழுந்த சிறீதரனுக்கு அந்தக் கைதட்டல் கேட்கக் கேட்க அவமானமாக இருந்தது. உருண்டு விழுவதுதானா என் நாட்டு முறை?

"நிறுத்துங்கள்!" என்று கத்தினான். "இது எந்த நாட்டு முறையும் இல்லை. எனக்குச் சறுக்கத் தெரியாது. அன்ராக்கில் தெரியும் என்று எழுதியது பொய். ஆனால் இந்த லிப்டில் இருக்கிற ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். நவம்பரில் கம்பி அறுந்துபோக இருந்ததைக் கண்டுபிடித்தது யார்? நான்! துரத்துவதென்றால் துரத்துங்கள். நாளைக் காலை இதே வாசலில் வந்து நிற்பேன். கோப்பை மட்டும் கழுவ மாட்டேன்!"

வான் வண்டியில் வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் அந்தக் குரலுக்காகவே விசிலடித்தார்கள்.

"யார் துரத்துகிறார்கள்?" என்றார் அதிபர் நடுங்கிக்கொண்டு. "உங்கள் இடம் உங்களுக்குத்தான். ஆனால் நீங்கள் பொய் எழுதியதாக எனக்கு நினைவில்லையே!"

பிராவு ஹொல்ட்ஹவுஸ் அலுவலகத்துக்குப் போய் அவனுடைய ஃபைலை எடுத்துவந்து அன்ராக்கை விரித்தார்.

"பனிச்சறுக்குத் தெரியுமா? இல்லை. இதோ, பெருக்கல் குறி."

தம்பித்துரை அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அது நான் வெட்டினது! 'இல்லை' வேண்டாம் எண்டுதானே வெட்டினனான். 'வேண்டாததை வெட்டிவிடுக' எண்டு எங்கடை படிவத்திலை அச்சடிச்சே இருக்கும்."

சிறீதரன் அதை ஜெர்மனில் சொன்னான். பிராவு ஹொல்ட்ஹவுஸ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"இங்கே வேண்டியதற்குத்தான் பெருக்கல் குறி போடுவோம்!"

சிறீதரன் அதிபரிடம் திரும்பினான்.

"அப்படியென்றால் எனக்குத் தெரியாது என்று முதல்நாளே உங்களுக்குத் தெரியும். பிறகு ஏன் என் பண்டேஜையும் சனிபகவானையும் நம்பினீர்கள்? ஒருவர்கூட ஏன் வாய் திறக்கவில்லை?"

அதிபர் பனியைப் பார்த்தார். பிராவு ஹொல்ட்ஹவுஸ் அன்ராக்கின் அடுத்த வரியைக் கட்டைவிரலால் மறைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏப்ரனோடு முன்னால் வந்த சமையற்காரர் ஹைன்ஸ்தான் பொறுக்கமாட்டாமல் சொன்னார்:

"அதற்கு அடுத்த கேள்வி 'சிறைத் தண்டனை பெற்றவரா?' அதற்கு 'ஆம்' என்று இருந்ததே ஐயா; நாலு மாதமாக என் கத்திகளை எல்லாம் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, உருளைக்கிழங்கைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்!"