ஐந்து கால் பூனை

என் வீட்டில், நான் தூக்கி வந்து மூலையில் நிறுத்திய அலமாரியிலிருந்து ஒரு தாள் எடுக்க இனி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். மனைவி தூரிகை வாங்கக் கடைக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆன பிறகுதான் எடுத்தேன். முடிவைச் சொல்கிறேன். தாளை எடுத்தது, ஜன்னல் வழியே தெருமுனை வரை இரண்டு தடவை பார்த்த பிறகு.

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். என் மனைவி எங்கள் கூடத்தில் ஏழு வாண்டுகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள். எல்லாம் ஐந்து, ஆறு வயது. உருளைக்கிழங்கை வெட்டி அச்சுக் குத்துவது, பழைய பேப்பரை ஊறவைத்துப் பொம்மை பிடிப்பது என்று வாரம் ஒரு வித்தை. வித்தை அவர்களுக்கு, கூடத்தைத் துடைப்பது எனக்கு. அவள் அலமாரியில் நல்ல கெட்டித் தாள் இருக்கும். தொடக்கூடாது என்பது சட்டம். வாரம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது நடைமுறை.

அன்று மேல் தட்டில் இருந்த வெள்ளைத் தாளை எடுத்து, ஒரு வாடிக்கையாளரின் மாடி வீட்டைப் போட்டேன். அழகாக வந்தது. பின்னால் வானத்துக்கு நீலத்தைக் கரைத்து ஒரு தடவு தடவினேன். வானத்தில் ஒரு வால் தெரிந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவு தடவினேன். காது வந்தது, மீசை வந்தது. ஐந்து காலோடு ஒரு பூனை என் வாடிக்கையாளரின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு என்னையே பார்த்தது.

அப்புறம்தான் உறைத்தது. அந்த வார வித்தை மெழுகு. வெள்ளை மெழுகால் வெள்ளைத் தாளில் வரைவார்களாம். பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே வண்ணத் தண்ணீரைத் தடவினால் மெழுகு இருக்கும் இடத்தில் ஒட்டாமல் வழுக்கி, படம் எழுந்து வருமாம். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் தடவிக் காட்டப்போகிறார்கள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் 'ம்' போட்டுக்கொண்டிருந்தேன்.

தாளைத் திருப்பினேன். பின்பக்க மூலையில் அவள் கையெழுத்தில் சின்னதாக 'மௌனச்சாமி' என்றிருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

மௌனச்சாமி என்பது எங்கள் வீட்டில் நாங்கள் வைத்த பட்டப்பெயர்; ஐந்து வயதுப் பெண். வீடு மாறி இந்தப் பக்கம் வந்ததிலிருந்து அம்மா காதைத் தவிர வேறெங்கும் வாயைத் திறப்பதில்லை. பத்து வாரமாக எங்கள் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூரிகையைத் தொட்டதில்லை. போன வாரம்தான் முதல் முதலாக மெழுகை எடுத்து ஏதோ வரைந்தது என்று என் மனைவி கண் கலங்கச் சொன்னாள். அதன் மேல்தான் நான் மாடி வீடு கட்டியிருக்கிறேன்.

கீழ்த் தட்டிலிருந்து இன்னொரு தாளையும், சமையலறையிலிருந்து மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பூனையைக் காப்பியடிக்க வேண்டியதுதான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக நேர்க்கோடு போட்ட கை, கோணலாகப் போகமாட்டேன் என்றது. இடது கையால் போட்டேன், கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். போட்டது சரியா என்று பார்க்கலாமென்றால் வெள்ளையில் வெள்ளை. கால் மட்டும் ஐந்தா என்று விரலால் தடவித் தடவி எண்ணினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியின் கையெழுத்தில், பின்பக்க மூலையில் அந்தப் பேரையும் எழுதினேன்.

வெளியே அவள் குரல் கேட்டது. "ஏங்க, எவ்வளவு நேரமா உள்ளயே இருக்கீங்க? உடம்புக்கு என்ன?"

"வயித்தைக் கலக்குது" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை.

அவள் சமையலறைக்குப் போனதும் புதுத் தாளை மேல் தட்டில் பழைய இடத்தில் வைத்தேன். மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. விரலெல்லாம் ஏன் நீலம் என்று கேட்டாள். பேனா கசிகிறது என்றேன். மெழுகுவர்த்தி ஏன் பாதியாகிவிட்டது என்று கேட்டாள். எலி என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மௌனச்சாமியின் அம்மா நாலரைக்கே வந்துவிட்டாள். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அரை நாள் லீவு போட்டு வந்திருக்கேன் சார். என்ன வரைஞ்சேன்னு எங்கிட்டகூடச் சொல்லல. வந்து பாருங்கிற ஒரே பேச்சுத்தான்." எனக்கு அப்படியே சுவருக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஐந்து மணி. தட்டுகளில் வண்ணத் தண்ணீர். மனைவி ஒவ்வொரு தாளாகக் கொடுத்தாள். ஒரு பையனுக்குப் பஸ் வந்தது, இன்னொருத்திக்கு மீன் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மௌனச்சாமி தூரிகையை முக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மெல்லத் திறந்து பார்த்தேன். நீலத்துக்குள் பெரிய குடை ஒன்று. அதன் கீழே பெரிய ஆள் ஒன்று, குட்டி ஆள் ஒன்று, கை கோத்துக்கொண்டு. அம்மாக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அப்புறம்தான், பூனை எங்கே போனது என்ற கேள்வி வந்தது.

"சாருக்கும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லி, மனைவி என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்து என் காதில் சொன்னாள்: "புள்ள வரைஞ்சது என் கைப்பையிலயே இருந்துச்சு. மேல் தட்டுல இருந்தது நான் வரைஞ்சது. வாரம் ஒரு தாள் குறையுதே, அந்தப் பேரை எழுதி வெச்சாலாவது கை நடுங்குமான்னு பாத்தேன். ம், தடவுங்க."

"பூனைக்கு எதுக்கு அஞ்சு கால்?"

"எலி பிடிக்கத்தான்."

தடவினேன். முதுகு மட்டம் பார்த்துப் பூசின சுவர் மாதிரி வந்தது. மீசை இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஐந்து கால்களும் சம இடைவெளியில் தூண்களாக நின்றன. பெற்றோர்கள் மரியாதைக்குக்கூடக் கை தட்டவில்லை.

மௌனச்சாமி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றது. படத்தை வெகு நேரம் பார்த்தது. ஒவ்வொரு காலாக விரல் வைத்து எண்ணியது. பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, அந்தக் கூடத்தில் பத்து வாரத்தில் முதல் தடவையாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாயைத் திறந்தது.

"அங்கிள், பூனைக்கு நாலு கால்தான்."