தரையைக் கை காட்டிய ரோபோ

சனிக்கிழமை காலையில் எனக்கு இருந்தது ஒரே வேலை. ஹாக்கி மட்டையால் இருபது தடவை பந்தைக் கோலுக்குள் அடிக்க வேண்டும்.

மகள் செல்வி இன்ஜினியரிங் கடைசி வருடம். இடுப்பு உயரத்துக்கு இரண்டு கால் ரோபோ ஒன்று செய்திருக்கிறாள். அதற்கு ஹாக்கி கற்றுக்கொடுப்பதுதான் ப்ராஜெக்ட்.

"நீங்க அடிக்கத வீடியோ எடுத்துக் கம்ப்யூட்டர்ல போடுவேன்ப்பா. அது லட்சம் தடவ அடிச்சுப் பாத்துத் தானா கத்துக்கிடும். கோல் போட்டாலும் புள்ளி, உங்கள மாதிரியே ஆடுனாலும் புள்ளி."

ஹாக்கிக்குப் பேர்போன ஊர் கோவில்பட்டி. அந்த ஊர்க்காரன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மட்டையைத் தொட்டு இருபத்தைந்து வருடம் ஆன விஷயத்தை நான் சொல்லவில்லை.

மைதானத்தில் கைலியை மடித்துக் கட்டினேன். ஓங்கி வீசினேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது!

இடுப்பில் ஒரு கை. மறு கையால் தரையைக் காட்டினேன். "கல்லு!"

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சண்முகம் என் பழைய கூட்டாளி. "அண்ணாச்சி, காலேஜ் டீம்ல ஆடும்போதும் இதே கல்லுதான?"

இருபதில் மூன்று கோல். பதினேழு கல்.

அடுத்த வாரம் கல்லூரி ஹாலில் தேர்வு. மார்க் போட வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். தேறாவிட்டால் செல்விக்கு இன்னும் ஆறு மாதம் வீண். என்னால்.

ரோபோ நடந்து வந்தது. என்னைப் போலவே வலது காலை இழுத்து இழுத்து. இல்லாத கைலியை மடித்துக் கட்டியது. மட்டையை வீசியது. பந்து அசையவில்லை.

இடுப்பில் ஒரு கை வைத்தது. மறு கையால், கண்ணாடி போல் மின்னிய டைல்ஸ் தரையைக் காட்டியது!

ஹாலே சிரித்தது.

"யப்பா, பந்த அடிக்கத விட உங்கள மாதிரி நடிக்கது அதுக்கு லேசா இருந்திருக்கு. புள்ளி பூரா அதுலயே அள்ளிட்டு" என்றாள் செல்வி, நெற்றியில் கை வைத்து.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மைதானத்துக்கு வெளியேயும் எத்தனை விஷயத்துக்குக் கல்லைக் காட்டியிருக்கிறேன்? கிடைக்காத பிரமோஷன் வரைக்கும் யோசனை போனது.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கோல் விழலைம்மா. ஆனா ஒரு மனுஷனை இவ்வளவு அச்சு அசலா படிச்ச ரோபோவ நான் பார்த்ததில்ல. ப்ராஜெக்ட் பாஸ். யாரு அந்த ஆளு?"

செல்வி என்னைக் காட்டினாள்.

இன்றைக்காவது உண்மையை ஒத்துக்கொள்வோம் என்று எழுந்தேன்.

"மேடம், எங்க மைதானத்துல கல்லு கொஞ்சம் ஜாஸ்தி."